கூடாரம் மாறிய மத்தியானம்

மங்களத்துக்கு ஓரிடத்தில் கால் நிற்கவில்லை. ஈப்போவில் சுண்ணாம்புக் குன்றடியில் பங்குனித் திருவிழாவுக்குக் கூடாரம் போட்டு ஒரு நாளாகிவிட்டது. தங்கச்சி பாப்பாவை இன்னும் காணோம்.

பினாங்கில் கப்பலை விட்டு இறங்கிய அன்றே, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணிமார் இருவரையும் ஆளுக்கொரு பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மங்களம் சிலிம் ரிவர் தோட்டத்துக்கு, பாப்பா ஹுத்தான் மெலிந்தாங் பக்கம். ஏழு வருஷமாக இந்த மைதானத்தில்தான் சந்திப்பு. சாக்கும் பழஞ்சேலையும் கட்டிய கூடாரத்துக்குள் மூன்று நாள் ஒரே அடுப்பு, ஒரே பாய்.

"வருவா லா. செத்த உக்காரு புள்ள. நீ நடந்த நடையில புல்லே கருகிப்போச்சு" என்றான் புருஷன் மாயாண்டி.

அவள் உட்காரவில்லை. பாப்பாவின் புருஷன் தனியாக வந்திருப்பதைக் காலையிலேயே பார்த்துவிட்டாள். ஓடிப்போய்க் கேட்டதற்கு அவன் காறித் துப்பிவிட்டு நடந்தான். அப்போதிருந்து கூடாரத்துக்கும் சாலைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

வெயில் ஏறுவதற்குள் பெண்கள் கும்மிக்கு வட்டம் கட்டினார்கள். மகள் காளியம்மா இழுத்த இழுப்புக்கு மங்களமும் போய் நின்றாள். கை தட்டியது, மனம் தாளத்தில் இல்லை. எதிர்ப்பக்கம் முன்பின் தெரியாத ஒருத்தி பாட்டெடுத்தாள்.

*கப்பலிலே சோறு பொங்கக் கடலுத்தண்ணி உப்பு போதும்,*
*மங்களத்தா அழுத கண்ணீர் மறு உலைக்கும் மிச்சமாகும்...*

மங்களம் தட்டின கையோடு நின்றுவிட்டாள். கப்பலில் அவளைக் கேலி செய்ய பாப்பா கட்டின பாட்டு அது. வட்டத்தின் குறுக்கே போய் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்தாள்.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?"

"எங்க தோட்டத்துக் கூலி லயத்துல இருந்த பாப்பா அக்கா." நல்லம்மாள் என்ற அந்தப் பெண் ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "நீங்கதான் மங்களமா? அவங்க இப்ப அங்க இல்லக்கா. புருஷன் அடி தாங்காம போன ஆடியில ஒருத்தரோட வந்துட்டாங்க. இதே ஈப்போதான், ரயில் கூலிங்க குடியிருக்கிற லயம். இங்க வந்தா அந்தாளு கண்ணுல படணுமேன்னு வரல."

மங்களம் கூடாரத்துக்கு வந்து சட்டியைக் கவிழ்த்தாள், பாயைச் சுருட்டினாள்.

"கூடாரத்தப் பிரிங்க. பாப்பா ரயில் லயத்துல இருக்கா. மிச்ச நாளு அங்கதான்."

விஷயத்தைக் கேட்டதும் மாயாண்டி முகம் கறுத்தது. "புருஷன விட்டு ஓடினவ வாசல்லயா? கங்காணிக்குத் தெரிஞ்சா தோட்டமே சிரிக்கும்."

"அவ அடி வாங்கினப்ப எந்தத் தோட்டம் அழுதுச்சு? நீங்க வராட்டி நானும் புள்ளையும் போறோம்."

அவள் சட்டியைத் தலையில் ஏற்றி, காளியம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதி மைதானம் தாண்டியபின்தான் திரும்பிப் பார்த்தாள். மாயாண்டி கோணிகளை ஏனோதானோவென்று சுருட்டி, கழிகளைத் தோளில் போட்டபடி வந்துகொண்டிருந்தான்.

ரயில் லயத்தின் கடைசி வாசலில் பாப்பா மாவு இடித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அக்காளைப் பார்த்ததும் உலக்கையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பாப்பா! தொற."

"மச்சான் வந்திருக்காரு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் வர்றது?"

மங்களம் மாயாண்டியைப் பார்த்தாள். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். கழிகளைத் தோளிலிருந்து இறக்கினான்.

"பாப்பா, தோளு வலிக்குது. இந்தக் கழிய எங்க நடறது, அதச் சொல்லு மொதல்ல."

கதவு கொஞ்சம் திறந்தது. மாவு படிந்த கையொன்று வெளியே நீண்டு, பப்பாளி மரத்தடியைக் காட்டியது.