பதினெட்டாவது வளைவு

நாகலூரில் ராத்திரித் தங்கல் போட்டிருந்த பஸ் காலையில் கிளம்பவில்லை. டிரைவர் குழந்தைவேல் சாவியைத் திருகினார். இறங்கி இஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தார். மறுபடி திருகினார். பால் கேன் வைத்திருந்தவர்களும் எஸ்டேட் ஆட்களும் பின்னால் போய்த் தள்ளினார்கள். ராசாத்தியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினாள். பஸ் மாரியம்மன் கோயில் வரை உருண்டு போய் அங்கேயே நின்றுவிட்டது. சாமி கும்பிடப் போயிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள், பாவாயியைத் தவிர. அவள் ஒரு காகிதப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மகள் ராசாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலத்தில் பத்து மணிக்கு இண்டர்வியூ. நர்ஸ் பயிற்சிக்கு.

பொட்டலத்தில் இருந்தது ஒரு வெள்ளைச் சேலை. ஏற்காட்டில் சையத் இப்ராஹிம் கடையில் பாவாயி எடுத்தது. நீலக் கரை போட்டது எடுங்க, புள்ளைக்கு நல்லாருக்கும் என்று அவர் இரண்டு முறை சொல்லியும் கேட்கவில்லை. நர்ஸாகப் போகிறவள் நர்ஸ் மாதிரியே போய் நின்றால் அவர்களுக்கும் முடிவு செய்யச் சுலபம் என்பது அவள் கணக்கு. வீட்டில் பிரித்துக் காட்டியபோது அவள் கணவர் மாதையன் எட்டிப் பார்த்தார்.

"ஏன் பாவாயி, நான் இன்னும் உசுரோடதான இருக்கேன்?"

"உங்களுக்கு எடுக்கல. அவளுக்கு."

"அவளுக்கு இன்னும் கண்ணாலமே ஆவலியே."

வழியில் அழுக்காகிவிடும் என்று, சேலம் போய் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. ராசாத்தி இப்போது கட்டியிருந்தது பழைய நீலப் புடவை.

மாதையன் எஸ்டேட் ஜீப் டிரைவர். பஸ் இல்லையென்றால் அவரே கொண்டுபோய் விட்டிருப்பார். ஆனால் மகள் ஊருக்குப் போகுமுன் குழம்பு வைக்க வேண்டும் என்று முந்தின நாள் ஒரு சேவலைத் துரத்தி, காப்பிச் செடிகளுக்கு நடுவே விழுந்து, கணுக்கால் வீங்கிப் படுத்திருந்தார். சேவல் பிடிபடவில்லை. இப்போதும் கூரைமேல் நின்று கூவிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, பஸ்சு போவல," என்றாள் வீட்டுக்குத் திரும்பி வந்த பாவாயி.

அவர் தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்து மகளிடம் நீட்டினார். "எஸ்டேட் ரைட்டர்கிட்டச் சொல்லிக்கிறேன். சாயங்காலத்துக்குள்ள வண்டியக் கொண்டாந்துரு கண்ணு."

பாவாயி வாயைத் திறந்தாள். மணியைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

எஸ்டேட் தடத்தில் ராசாத்தி ஜீப் ஓட்டுவது ஊருக்கே தெரியும். பதினைந்து வயதிலிருந்து ஓட்டுகிறாள். உரமூட்டை ஏற்றிக்கொண்டு, சில்வர் ஓக் மரங்களுக்கு இடையில் ஒரு சாண் இடம் இருந்தால் திருப்பிவிடுவாள். அவளுக்கு வேண்டியது நாகலூர் பஸ். ஒருமுறை வீட்டில் சொல்லியும் விட்டாள். பொம்பளை பஸ் ஓட்டுனா எவன் ஏறுவான் என்றாள் பாவாயி. நாலு பேருக்கு உதவுற வேலையைப் பாரு என்றாள். உதவுற வேலை என்றால் என்ன என்று அந்த வீட்டில் யாரும் கேட்க வேண்டியதில்லை. ராசாத்திக்கு அடுத்துப் பிறந்திருக்க வேண்டிய தம்பி ஒருவன் இருந்தான். பிரசவ வலி கண்டதும் கட்டிலில் படுக்க வைத்துப் பாவாயியை ஏற்காட்டுக்குத் தூக்கிப் போனார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு நர்ஸ் இருந்திருந்தால் என்று ராசாத்தி கேட்டுக் கேட்டு வளர்ந்தாள். அது தப்பு என்று அவளுக்குத் தோன்றியதில்லை. விண்ணப்பத்தை அவளேதான் எழுதினாள். ஆனால் போன வாரம் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர், காப்பிப் பழம் பறிக்கிற சீசனுக்கு இன்னொரு டிரைவர் வேணும், உம் பொண்ணையே ஏத்திவுடு மாதையா என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பை விட்டுவிட்டு மற்றதை அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

ஜீப் ஏற்காடு தாண்டும்வரை பாவாயி ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். ஆரஞ்சுத் தோலை மூக்கில் வைத்திருந்தாள். பஸ்ஸில் இறங்கத் தொடங்கி மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்குள் அவளுக்கு வாந்தி வந்துவிடும்.

"போலீசு புடிச்சா என்ன சொல்லுவ?"

"மார்க் சீட்டுக்கு அடியில பாரு."

பாவாயி பையைத் துழாவினாள். சின்னப் புத்தகம். உள்ளே ராசாத்தியின் படம், ரப்பர் முத்திரை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. முத்திரை தெரியும்.

"இது எப்ப?"

"அப்பாவுக்குக் கண்ணு காட்டச் சேலம் போனமே. அன்னிக்கு."

"அப்ப அவரு கண்ணு?"

"நல்லாத்தான் இருக்குது."

ஒரு வளைவு போயிற்று.

"ரெண்டு மாசமாப் பொன்னாங்கண்ணி ஆக்கிப் போட்டேன்," என்றாள் பாவாயி. "மனுசன் ஒரு வார்த்தை சொல்லாமத் தின்னுருக்கான்."

ராசாத்தி சிரிப்பை அடக்கினாள். முடியவில்லை. ஸ்டியரிங் குலுங்கியது. பாவாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் அவள் தோளும் குலுங்கியது.

அடிவாரத்திலிருந்து எண்ணினால் பதினெட்டாவது வளைவுக்கு முன்னால் பனி வந்து மூடியது. மேலிருந்து இல்லை, கீழிருந்து ஏறி வந்தது. முதலில் பள்ளத்துப் பக்கத் தடுப்புக்கல் மறைந்தது, பிறகு சாலை, பிறகு ஜீப்பின் மூக்கு. விளக்கைப் போட்டதும் இன்னும் மோசமானது. ராசாத்தி ஓரம் கட்டி நிறுத்தினாள்.

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டாள். இந்தப் பனி ஒரு மணி நேரம் நிற்கலாம், மூன்று மணி நேரமும் நிற்கலாம். இங்கே உட்கார்ந்திருந்தால் போதும். பத்து மணி தானாக வரும், தானாகப் போகும். யாரும் அவளைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். பாவாயிகூட. சாயங்காலம் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விடலாம். ஜனவரியில் காப்பிப் பழம் பறிப்பார்கள். இதை நினைத்ததும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்ததும் அம்மாவின் பக்கம் பார்க்க முடியவில்லை.

"அன்னிக்கும் இப்பிடித்தான் பனி," என்றாள் பாவாயி.

ராசாத்தி முன்கண்ணாடியைத் துடைத்தாள்.

"ஆஸ்பத்திரில நர்ஸம்மா இருந்தாங்க. சுடுதண்ணி வெச்சுட்டு வாசல்லயே நின்னுருக்காங்க. நாங்கதான் போய்ச் சேரல."

இதை அவள் இதுவரை சொன்னதில்லை. ராசாத்தி திரும்பினாள். பாவாயி மடியில் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சணல் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். சேலையை உதறி, இரண்டாக மடித்து, தலையோடு தோளைச் சுற்றிப் போர்த்துக்கொண்டு இறங்கினாள்.

"அம்மா, அது இண்டர்வியூவுக்கு."

"தெரியும். கட்டில் தூக்குனவங்களுக்கு முன்னால ஒருத்தன் வேட்டியப் போத்திக்கிட்டுத்தான் நடந்தான். வெள்ளையப் பாத்தே வா. நான் நின்னா நில்லு."

"நேரமாயிருமே."

"உக்காந்திருந்தா ஆவாதா?"

அவள் விளக்கின் முன்னால் போய் நின்றாள். சாலையின் நடுவைக் காலால் தடவிப் பார்த்தாள். நடந்தாள். ராசாத்தி முதல் கியரில் விட்டாள்.

வேறு எதுவும் தெரியவில்லை. வெள்ளைக்குள் இன்னொரு வெள்ளை அசைந்தது, அவ்வளவுதான். அது இடப்புறம் சாய்ந்தால் ராசாத்தி இடப்புறம் ஒடித்தாள். வளைவில் அது மெதுவானது, இவளும் மெதுவானாள். இவ்வளவு மெதுவாக அவள் வண்டி ஓட்டியதே இல்லை. இவ்வளவு நன்றாகவும் ஓட்டியதில்லை. பிரேக்கில் வைத்த கால் தன்னுடையது என்பதே மறந்துபோனது. பதினெட்டு முடிந்தது. பதினேழின் கல் பக்கத்தில் வந்து போனது. முன்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"கண்ணு."

"என்னம்மா?"

"எனக்கு வாந்தியே வரலடி."

பதினாறில் எதிரே ஒரு லாரி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தது. பாவாயி சாலையின் நடுவில் நின்று கையை உயர்த்தினாள். லாரி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"ஏம்மா, பேய் மாதிரி நிக்கற."

"கொஞ்சம் ஒதுங்கி நில்லு சாமி. பின்னால எம்பட பொண்ணு வாரா."

"பொண்ணா ஓட்டுது?"

"லைசென்சு இருக்குது. காட்டட்டுமா?" அவள் இடுப்புச் செருகலில் கை வைத்தாள். புத்தகத்தைப் பையில் திரும்ப வைக்கவேயில்லை என்பது ராசாத்திக்கு அப்போதுதான் தெரிந்தது.

லாரிக்காரன் வண்டியைப் பின்னால் எடுத்து மலையோரம் ஒட்டினான். ஜீப் கடக்கும்போது குனிந்து உள்ளே பார்த்தான். ராசாத்தி சாலையைப் பார்த்தாள்.

பதினைந்தைத் தாண்டியதும் பனி கிழிந்தது. ஒரு அடி முன்புவரை இருந்தது, பிறகு இல்லை. வெயில் நேராக முகத்தில் விழுந்தது. கீழே, நெடுந்தூரத்தில், சேலம் தகரக் கூரைகளோடு மின்னியது. மணி எட்டு இருபது. நேரம் இருந்தது.

பாவாயி நிற்கவில்லை. வெயிலில், ஈரச் சாலையின் நடுவில், வெள்ளைச் சேலையைப் போர்த்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். சேலையின் கீழ்விளிம்பு ஒரு முழத்துக்குச் செம்மண் ஏறி, கடைக்காரர் சொன்ன கரையைப் போல, வேறு நிறத்தில் இருந்தது. ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, வா, வா என்று அசைத்துக்கொண்டே போனாள்.

ராசாத்தி ஹாரனில் கை வைத்தாள். எடுத்துவிட்டாள். முதல் கியரிலேயே அவள் பின்னால் போனாள்.