ஊரின் நட்டநடுவில் ஓர் ஓட்டல்

குன்வோரின் வலது முழங்கால் போய்விட்டது என்பது நார்வேயின் ஓலசுண்ட் ஊரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்: குன்வோருக்கும் அவளுடைய டாக்டருக்கும். மூட்டையே மாற்றியாக வேண்டும், வசந்தத்தில் ஆபரேஷனுக்குக் கூப்பிடுவார்கள், அதுவரை மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே கைகுலுக்கிவிட்டு வந்தாள். மறுநாள் காலை மலை ஏறினாள்.

ஏறாமல் எப்படி? வியாழக்கிழமை நடைக் கூட்டத்தின் தலைவி ஆயிற்றே. கழுத்தில் தொங்குகிற விசில் சும்மா வந்ததா? அந்தக் கூட்டத்தில் மூச்சு வாங்குவதே ஒழுக்கக்கேடு. மழை கொட்டினாலும் உச்சிக்குப் போய், ஆளுக்கொரு ஆரஞ்சை உரித்துத் தின்றுவிட்டு, "என்ன அருமையான வானிலை!" என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டும். நவம்பரில் ஆண்டுக் கூட்டம் வருகிறது. அதற்குள் விஷயம் வெளியே கசிந்தால் விசில் துணைத்தலைவி சோல்வியின் கழுத்துக்குப் போய்விடும், குன்வோரைச் சமதரைக் குழுவில் தள்ளிவிடுவார்கள். அவர்கள் படகுத்துறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பன் தின்ன உட்காருகிறவர்கள். அந்தக் குழுவுக்கு 'பேக்கரி யாத்திரை' என்று பெயர் வைத்ததே குன்வோர்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அந்த வாய் செய்த காரியம் இன்னொன்றும் உண்டு. ரெய்துன் அவளுக்குப் பள்ளிக்கூடத் தோழி. முந்தின வருஷம் கூட்டமாக ஒரு மலை விடுதிக்குப் போனபோது, வரவேற்பு மேசையில் ரெய்துன் பாவம் மெதுவாகத்தான் கேட்டாள், "லிஃப்ட் இருக்கா?" என்று. பின்னால் நின்ற குன்வோர் கூடமே கேட்கிற மாதிரி, "லிஃப்டா? நமக்கா?" என்றாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த வியாழனிலிருந்து ரெய்துன் வரவில்லை. அவள் தனியாக இத்தாலிக்குப் போய், ஜெனோவாவில் ஊருக்குப் பொதுவான ஒரு லிஃப்டின் முன்னால் பல்லெல்லாம் தெரிய நின்று படம் போட்டாள். அதற்கும் கூட்டம் சிரித்தது. ஆனால் ஊர் பிடித்துப்போய்விட்டது.

அப்படித்தான் அக்டோபரில் ஜெனோவாவுக்கு மூன்று இரவு போவதென்று முடிவாயிற்று. ஒரு ஞாயிறு சாயங்காலம் போகிற நான்கு பேரும் குன்வோர் வீட்டில் ஓட்டல் பார்க்க உட்கார்ந்தார்கள். அவள், அவள் புருஷன் தோர்லைஃப், துணைத்தலைவி சோல்வி, சோல்வியின் புருஷன் ஆர்ன்ஃபின். மேசையில் வாஃபிளும் பழுப்புச் சீஸும் காபியும்.

தோர்லைஃப் முதலிலேயே குண்டைப் போட்டான். "ஊருக்கு வெளியே மலை மேல ஒரு ஓட்டல் இருக்கு. காலையில இறங்கி ஊரைப் பாக்கலாம், சாயங்காலம் ஏறி வரலாம். கடலு முழுக்கத் தெரியும்."

குன்வோருக்கு முழங்கால் தானாக வலித்தது.

"ஊரைப் பாக்கப் போறமா, ஊருக்குப் போற வழியைப் பாக்கப் போறமா?" என்றாள். "நட்டநடுவுல தங்கணும். சனங்களோட சனங்களா இருக்கணும். கதவைத் திறந்தா கலாச்சாரம் காலடியில இருக்கணும்."

"கலாச்சாரமா? போன தடவை அருங்காட்சியகத்துல குளிருதுன்னு பாதியில வெளியே வந்தவ நீதானே?" என்றான் தோர்லைஃப்.

"அது வேற கலாச்சாரம்."

"காலைச் சாப்பாட்டுல முட்டை உண்டா?" என்றான் ஆர்ன்ஃபின். அவனுக்கு எந்த ஊரானாலும் கவலை அது ஒன்றுதான்.

சோல்வி கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு குன்வோரைப் பார்த்தாள். "என்னடி, மலைன்னா நீதானே முதல்ல குதிப்ப? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்!" என்று எழுந்து, யாரும் கேட்காமலேயே காபிப் பாத்திரத்தை எடுத்துவரச் சமையலறைக்கு ஓடினாள் குன்வோர். ஓடிய பாவத்துக்கு அங்கே சிங்க்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது.

திரும்பி வந்து அவளே தேடிப் பிடித்தாள். பெரிய தேவாலயத்துக்கும் பழைய துறைமுகத்துக்கும் நடுவில், வரைபடத்தில் ஒரு நகத்துக்குள் எல்லாம் அடங்குகிற மாதிரி ஓர் ஓட்டல். 'நகரத்தின் இதயம்' என்று எழுதியிருந்தது. முட்டையும் உண்டு. மற்றவர்கள் அடுத்த வாஃபிளில் கவனமாக இருந்த நேரத்தில் திரையை விரலால் தள்ளிப் பார்த்தாள். மூலையில் லிஃப்ட் படம் போட்டிருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தங்கினவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு படி," என்றாள் சோல்வி.

எல்லோரும் புகழ்ந்திருந்தார்கள். ஒரே ஒருத்தி குறைபட்டிருந்தாள், கோபன்ஹேகன்காரி: 'வாசல் வரை போகும் வழி மிகச் செங்குத்து. என்னால் முடியவில்லை.'

நான்கு பேரும் சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது. டென்மார்க்காரி! அந்த நாட்டில் மலை என்று சொல்லிக்கொள்வதன் மேல் ஏறி நின்றால் பக்கத்து வீட்டுக் கூரைகூடத் தெரியாது.

"அவங்களுக்கு நடைபாதை விளிம்பே மலைதான்," என்றான் ஆர்ன்ஃபின்.

"பாவம், கயிறு கட்டி ஏத்தியிருக்கணும்," என்றாள் குன்வோர். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அவள்தான். நடிப்பு இல்லை, உண்மையாகவே சிரித்தாள். ஒரு டென்மார்க்காரி செங்குத்து என்றால் அது சமதரை, இதைச் சின்னக் குழந்தைகூடச் சொல்லும். அந்த ஓட்டலையே பதிவு செய்தார்கள்.

ஜெனோவாவில் டாக்சிக்காரன் துறைமுகத்தை ஒட்டி ஒரு சந்து முனையில் வண்டியை நிறுத்திப் பெட்டிகளை இறக்கினான். இதற்கு மேல் வண்டி போகாது என்று கையால் காட்டினான். ஓட்டல் எங்கே என்று கேட்டதற்கு, அதே கையை அப்படியே மேலே தூக்கினான்.

சந்து முழுக்கப் படி. இரண்டு பக்கமும் வீடுகள் இடிப்பதுபோல நெருங்கி நின்றன. நடுவில் வழவழத்த கல்படிகள் ஏறி, ஒரு வளைவுக்குள் நுழைந்து, அதற்கு அப்பாலும் ஏறின. லிஃப்ட் இருந்தது, அதில் பொய்யே இல்லை. ஓட்டல் வாசலுக்கு உள்ளே இருந்தது. வாசலோ எங்கேயோ மேலே, துணி காயப்போட்டிருந்த உயரத்தில்.

ஊரில் புதிதாகக் கூட்டத்தில் சேருகிறவர்களுக்கு வரைபடத்தில் உயரக் கோடுகளைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பவள் குன்வோர். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமம் என்று அடித்துச் சொல்லிப் பாடம் நடத்துவாள். ஓட்டல் பார்த்த வரைபடத்தில் உயரக் கோடு ஒன்றுகூட இல்லை. இத்தாலியில் ஐஸ்கிரீம் இருக்கும், வெயில் இருக்கும், மலை நார்வேக்காரர்களுடைய சொத்து என்ற நினைப்பு அவளுக்கு.

"வாங்க, வாங்க, இது ஒரு மேடா?" என்று குன்வோருடைய வசனத்தையே சொல்லிக்கொண்டு சோல்வி ஏறினாள். ஆர்ன்ஃபின் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பின்னால் போனான்.

குன்வோரும் ஏறினாள். கொஞ்சம்தான். வளைவுக்குக் கீழே முழங்கால் 'முடியாது' என்றது. இந்தத் தடவை அது கெஞ்சவில்லை, தீர்ப்புச் சொல்லிவிட்டது. பெட்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அவள் படியில் உட்கார்ந்தாள்.

மேலேயிருந்து சோல்வியின் குரல் வந்தது. "என்னடி, ஆரஞ்சு உரிக்கிறியா?"

என்னென்னவோ சொல்லியிருக்கலாம். ஷூ லேஸ் என்று சொல்லியிருக்கலாம், கட்டடக்கலை என்று சொல்லியிருக்கலாம். சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துப்போயிருந்தது.

"முழங்கால் போச்சு, சோல்வி!" என்று கத்தினாள். "எப்பவோ போச்சு! விசிலை நீயே வச்சுக்கோ!"

சந்துச் சுவர்கள் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லின. எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். மேலே ஆர்ன்ஃபின் பெட்டியைத் தோளிலிருந்து இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது.

தோர்லைஃப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தான். "எனக்குத் தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"பின்தங்குனவங்களைக் கூட்டிட்டு வரேன்னு கடைசியா வருவ. ஒருத்தரும் பின்தங்காத அன்னிக்கும் நீ கடைசியாத்தான் வந்த."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "தெரிஞ்சுமா மலை மேல ஓட்டல் வேணும்னு குதிச்ச? மனுஷனா நீ?"

"நான் மலைன்னு சொன்னாத்தானே நீ நடு ஊருன்னு அடம்பிடிப்ப! கட்டிக்கிட்டதுலேருந்து பாக்குறேனே. நடு ஊர் சமதரையா இருக்கும்னு நினைச்சேன்." அவன் மேலே போகும் படிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "அந்த டென்மார்க்காரி படிச்சுப் படிச்சுச் சொன்னா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது, வலியாலா அவனாலா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அவன் தோளில் தலையைச் சாய்த்திருந்துவிட்டு, பையிலிருந்து போனை எடுத்தாள்.

ஒன்றரை வருஷமாக அழைக்காத எண். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"ரெய்துன், நான்தான். ஜெனோவாவுல ஒரு படியில உட்கார்ந்திருக்கேன்." குன்வோர் முழங்காலைத் தடவிக்கொண்டாள். "நீ ஒரு லிஃப்ட் முன்னால நின்னு படம் போட்டியே, அது எங்க இருக்கு?"

நிறுத்தி, நிதானமாக, இத்தனை நாள் வாயில் வைத்திருந்ததை ரெய்துன் எடுத்து வெளியே விட்டாள்.

"லிஃப்டா? நமக்கா?"

குன்வோர் கண்ணை மூடிக்கொண்டாள். இது அவளுக்கு வர வேண்டியதுதான்.

"நமக்கில்லடி," என்றாள். "எனக்கு."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நாற்காலி இழுக்கிற சத்தமும் கேட்டது.

"முதல்ல அந்தப் படியை விட்டு இறங்கு," என்றாள் ரெய்துன். "மெதுவா. கைப்பிடியைப் பிடிச்சுக்கோ. லிஃப்ட் எங்கன்னு சொல்றேன், அதுல ஏறினா மேல் தெரு. நான் தங்கின ஓட்டல் அங்கதான். நடு ஊரு இல்ல, ஆனா தரைமட்டம்."