காரணம் என்ற கட்டம்

ஸ்கேனர் வந்த பிறகு எங்கள் பல் மருத்துவமனையில் யாருக்கும் குமட்டுவதில்லை. முன்பெல்லாம் பல் அச்செடுக்கப் பசையைக் குழைத்து வாயில் அப்பினால், அது இறுகுவதற்குள் நோயாளி கண்ணீர் வழிய என் கையைப் பிடித்துக் கெஞ்சுவார். இப்போது பேனாவைவிடக் கொஞ்சம் பருத்த ஒரு கோலைப் பல்வரிசைமேல் நகர்த்தினால் போதும், மூன்று நிமிடத்தில் மொத்த வாயும் திரையில் வந்து நிற்கும். என் மாமனார் டாக்டர் ஜெயசிங் வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் கீழே கூட்டிப்போய் இதைக் காட்டுவார். சொந்த மகன் கல்யாணத்துக்குக்கூட அவர் இவ்வளவு ஆசையாக யாரையும் அழைத்ததில்லை. அந்தக் கல்யாணத்தில் மணப்பெண் நான்தான் என்பதால் எனக்கு நன்றாகத் தெரியும்.

மில்லர்புரத்தில் மேலே வீடு, கீழே மருத்துவமனை. நடுவில் பதினேழு படிகள். கணவர் பெவின் மஸ்கட்டில் இருக்கிறார். நான் காலையில் இறங்குவேன், மத்தியானம் ஏறுவேன், மறுபடி இறங்குவேன், மறுபடி ஏறுவேன். சோற்றுத் தட்டின் முன்னாலும் பேச்சு பல்லைப் பற்றித்தான். கோபம் வந்தால் போய் உட்கார எனக்கென்று உள்ள இடமும் அந்தப் படிதான்.

ஊருக்கு வெளியே இரும்புத் தகடுகளுக்குத் துத்தநாக முலாம் பூசும் ஓர் ஆலை இருக்கிறது. தகட்டை முதலில் அமிலத் தொட்டியில் முக்கித் துருவை எடுப்பார்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வருடம் ஒருமுறை பல் பரிசோதனை எங்களிடம்தான். போன ஜூனில் எடுத்த படத்தின்மேல் இந்த ஜூனில் எடுத்த படத்தைக் கணினி பொருத்திப் பார்க்கும். பல் எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கே சிவப்பாகக் காட்டும். மனிதக் கண்ணுக்குத் தெரியாத தேய்மானம்கூட அதற்குத் தெரியும்.

ஆன்றோவின் படத்தில் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் சிவந்திருந்தன.

ஆன்றோவுக்கு முப்பத்திரண்டு வயது. திரேஸ்புரத்துக்காரர். அப்பாவோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், அந்தத் தொழில் வேண்டாமென்று ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. ஜூலை முதல் தேதி நிரந்தரமாக்கப் போகிறவர்களின் பட்டியல் வருகிறது, அதில் தன் பெயர் இருக்கிறது என்று நாற்காலியில் சாயும்போதே சொல்லியிருந்தார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் நான் முதலில் பார்த்தேன், பல்லின் நுனி வழியே கண்ணாடியில் தெரிகிற மாதிரி அந்தப் பக்கம் தெரிந்தது.

சிவப்பு ஒரு கோடு போட்ட மாதிரி நின்றது. மேலுதடு மூடுகிற இடம்வரை பல் நன்றாக இருக்கிறது, உதடு மூடாத இடத்தில் மட்டும் போயிருக்கிறது. சாப்பாட்டில் வருகிற புளிப்பு உதட்டை அளந்து பார்த்து அரிக்காது. இது காற்றில் வருகிற அமிலம்.

"மாஸ்க் கொடுக்கிறாங்கல்ல? போடுறதில்லையா?" என்று கேட்டேன்.

"போடுவேன் டாக்டர். கொஞ்ச நேரத்துல கழட்டிருவேன்."

"ஏன்?"

அவர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். "அதப் போட்டுக்கிட்டு எப்படிப் பாட?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவரே சொன்னார். பனிமய மாதா திருவிழாவுக்குப் பாடுகிற குழுவில் இவர் இருக்கிறார். பயிற்சி சாயங்காலம். இவருக்கு வேலையும் சாயங்காலம். அதனால் குழுவில் ஆலையில் வேலை செய்கிற நாலு பேரும் கேட்டு வாங்கி ஒரே ஷிப்டில், ஒரே கொட்டகையில் நின்றுகொண்டார்கள். தொட்டிக் கரையில் தகட்டை முக்கிக்கொண்டே பயிற்சி.

"தகரக் கூரை நல்ல ஒசரம் டாக்டர். அங்கன நின்னு பாடுனா கோயில்ல பாடுத மாரியே கேக்கும். மூணு வருசமா அங்கனதான் பாடுதோம்."

வாயை நன்றாகத் திறந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அமிலப் புகைக்குள் நின்று மாதாவைப் பாடியிருக்கிறார்கள். எனக்கு அவரை அறையலாம் போலவும் இருந்தது, அழலாம் போலவும் இருந்தது.

படத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். இப்படியே போனால் இன்னும் மூன்று நான்கு வருடத்தில் அந்தப் பற்கள் பாதிதான் மிஞ்சும், பல்லுக்கு இந்தக் கதி என்றால் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறதோ என்று சொன்னேன். அவர் பல்லைப் பார்க்கவில்லை. திரையின் மூலையில் இருந்த ஆலையின் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அங்க போயிருமா டாக்டர்?"

"போகும்."

"போன வருசத்துப் படத்தையே அனுப்பிர முடியாதா?"

"முடியாது" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். நான் நாசரேத்தில் ஒரு தலைமையாசிரியருக்குப் பிறந்தவள். பிடிக்காத ஆள் வாசலில் நிற்கும்போதுகூட வீட்டில் இல்லை என்று சொல்ல எங்கள் வீட்டில் அனுமதி கிடையாது.

ஆலைக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையைத் திறந்தேன். கடைசியில் காரணம் என்று ஒரு கட்டம். அதைத் தொட்டால் நாலு பதில்கள் இறங்கும். உணவுப் பழக்கம். தவறாகப் பல் துலக்குதல். தூக்கத்தில் பல் கடித்தல். மற்றவை. வேலை செய்யும் இடம் என்று ஒன்று இல்லை. எதையாவது தேர்ந்தெடுக்காமல் கையெழுத்துக் கட்டம் திறக்காது. மற்றவை என்று போட்டால் ஆலையில் விசாரணை முடியும்வரை அந்த ஆளின் நுழைவுச் சீட்டை நிறுத்தி வைப்பார்கள். போன வருடம் அப்படி நிறுத்தப்பட்ட இரண்டு பேர் இன்னும் உள்ளே போகவில்லை.

ஆன்றோவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பதினேழு படியும் ஏறினேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கொட்டகையைப் பற்றி ஆலைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றும் சொன்னேன்.

"ஏம்மா, நீ பல்லுக்கு டாக்டரா, ஆலைக்கு டாக்டரா?" என்றார் அவர்.

"பல் ஆலையிலதான் மாமா போகுது."

"கடுதாசி போட்டா அடுத்த வருசம் ஆளுகள வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாவ. அங்க இருக்கிறவன் இதக்கூடப் பார்க்க மாட்டான். இந்த வெயில்ல எலுமிச்சம்பழ சோடா குடிக்காத ஆள் யாரு இருக்கா? உணவுப் பழக்கம்னு போடு. அந்தப் பையனுக்கும் நல்லது."

பிறகு என்னிடம் ரசம் கேட்டார். ஊற்றினேன்.

இறங்கும்போது ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். உண்மையை எழுதினால் அவர் வேலை போகும். பொய் எழுதினால் வேலை நிரந்தரமாகும், அந்தப் புகையும் நிரந்தரமாகும். இந்த நாலு பதில்களை எழுதி வைத்த ஆளின் வாயில் பழைய பசையைக் கிண்ணம் கிண்ணமாக அப்ப வேண்டும் என்று இருந்தது. அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எழுந்து கீழே போய் ஆன்றோவை உள்ளே கூப்பிட்டேன்.

"மாஸ்க்கைக் கழற்ற மாட்டேன்னு சொல்லுங்க. கோயிலுக்கு வெளியே பாட மாட்டேன்னு சொல்லுங்க."

"சத்தியமா டாக்டர். மாதா மேல ஆணை."

"எலுமிச்சை சோடா குடிப்பீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். சட்டென்று புரிந்துகொண்டார். "தெனமும் குடிப்பேன் டாக்டர்."

உணவுப் பழக்கம் என்று தொட்டுக் கையெழுத்திட்டு அனுப்பினேன். அறிக்கை பூட்டப்பட்டது, இனி திருத்த இயலாது என்று திரையில் வந்தது. ஆன்றோ என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு உடனே கையைக் கழுவ வேண்டும் போல இருந்தது. அவர் போகும்வரை அடக்கிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அவர் மறுபடி வந்தார். வேலைக்குத் தகுதி என்று ஆலையிலிருந்து பதில் வந்துவிட்டதாம். கூட மூன்று பேர். மூவரும் வரிசையாகச் சுவரோரம் உட்கார்ந்து, என்னைப் பார்த்து வாயைத் திறக்காமல் சிரித்தார்கள்.

"எங்க குழுதான் டாக்டர். இன்னைக்கு இவனுவளுக்கு முறை" என்றார் ஆன்றோ. பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க தங்கமான டாக்டருன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"மாஸ்க் போடுறீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "திருவிழா முடியட்டும் டாக்டர். இந்த வருசம் நாந்தான் மொதல்ல எடுத்துப் பாடணும்."

மூவரில் மூத்தவர் ரோச். அவர் வாயை மட்டும் அங்கேயே திறந்து பார்த்தேன். கருவி எதுவும் தேவைப்படவில்லை. நான்கு பற்களிலும் அதே கோடு, ஆன்றோவுடையதைவிட ஆழமாக.

இவர்களுக்காவது உண்மையை எழுதிவிடுவோம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம்தான். ஒரே கொட்டகை, ஒரே ஷிப்டு, ஒரே மாதிரி பல். இவர்களுக்கு மற்றவை என்று போட்டால் ஆலைக்காரன் அடுத்து எடுத்துப் பார்ப்பது ஆன்றோவின் அறிக்கையைத்தான். பட்டியல் வர இன்னும் ஆறு நாள் இருந்தது. நான் பூட்டிய பொய்யைக் காப்பாற்ற இன்னும் மூன்று பொய்கள் வேண்டும். அடுத்த ஜூனில் நான்கு பேருக்கும் மறுபடி வேண்டும். அதற்கடுத்த ஜூனிலும் வேண்டும்.

மேலே மாமா நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. ஸ்கேனர் கோலுக்குப் புது உறை மாட்டினேன்.

"யாரு முதல்ல வாறீங்க?" என்று கேட்டேன்.

ரோச் அண்ணாச்சி எழுந்து வந்து, நாற்காலியில் சாய்ந்து, நான் கேட்காமலே சொன்னார்: "நானும் எலுமிச்சை சோடா நெறையக் குடிப்பேன் டாக்டர்."