பெல்ட் அறுந்திருக்கவில்லை

என் வேனில் வருகிற ஆறு பேரும் கார் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். நடுரோட்டில் நின்றுபோன வண்டிக்கு என்ன வந்தது என்று சொல்ல அவர்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை.

நானும் முன்பு ஒரகடத்தில் கார் கம்பெனி லைனில் நின்றவள்தான். பாத்ரூம் போகக்கூட சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டிய அந்தப் பிழைப்பு வேண்டாமென்று, இருந்த நகையெல்லாம் அடகு வைத்து இந்தப் பழைய டீசல் வேனை வாங்கினேன். சுங்குவார்சத்திரத்தில் இவர்களை ஏற்றி ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு கம்பெனி கேட்டில் விடுவேன். இது ஓடும்வரைதான் நான் லைனுக்குத் திரும்பாமல் இருக்கலாம்.

சில நாட்களாகவே அது சரியில்லை. மேட்டில் இழுக்கவில்லை. சும்மா நிற்கும்போதும் உதறியது. முன்பக்கம் டிக் டிக்கென்று ஒரு சத்தம். ஃபில்டரை மாற்றினேன், டீசல் போடும் பங்க்கை மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. தினமும் ஓட்டுகிற எனக்கே அது வேறு யாருடைய வண்டியோ போல இருந்தது.

அன்று ஒரகடம் மேம்பாலத்துக்கு முன்னால் பொசுக்கென்று அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினேன். வழக்கமாக செல்ஃப் திணறித் திணறிச் சுற்றும். அன்றைக்கு உள்ளே எந்தத் தடையும் இல்லாததுபோல விர்ரென்று சுற்றியது. இவ்வளவு நன்றாகச் சுற்றுவது ஏன் பற்றவில்லை? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

சீட் மாட்டுகிற காவேரி பேட்டரி என்றாள். கதவு மாட்டுகிற கனகம் டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றாள். பெயின்ட்டில் இருக்கும் இசைவாணி ஏதோ சென்சார் என்றாள். அமலா என்ஜின் பிரிவில் இருப்பவள் என்பதால் எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"நான் கவர் போடுறவடீ. உள்ள இருக்கிற பெல்ட்டு, சக்கரம்லாம் எனக்கு முன்னாடியே மாட்டிடுவாங்க. ஓட்டிப் பாக்கறது வேற ஆளு."

நல்ல லட்சணம்தான். கார் கார் என்று பேசுகிறோம், முழு வண்டியைப் பார்த்தவள் ஒருத்தியும் இல்லை.

கேட் மூடிவிட்டால் அரைநாள் சம்பளம் போய்விடும். அமலாதான் இறங்கினாள். "செகண்ட் கியர்ல போட்டு கிளட்ச்ச வுடு, நாங்க தள்றோம்" என்றாள். எனக்கு மனசே இல்லை. ஆனால் வேறென்ன செய்வது என்றும் தெரியவில்லை. தள்ளினார்கள், கிளட்சை விட்டேன். உள்ளே கடகடவென்று எதுவோ இடித்து, வண்டி குலுங்கி நின்றது. மற்றவர்கள் ஷேர் ஆட்டோ பிடித்துப் போக, அமலா மட்டும் என்னோடு இருந்துவிட்டாள்.

மெக்கானிக் நடேசன் அண்ணன் தன் பட்டறைக்கு இழுத்துப்போய் முன்பக்கக் கவரைக் கழற்றினார். பெல்ட் முழுசாக இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது. அவர் முகத்தில்தான் தெளிவு இல்லை. பெல்ட் ஓடும் சக்கரத்தில் இருந்த ஒரு புள்ளியைக் காட்டினார். என்ஜின் மேலிருந்த இன்னொரு புள்ளிக்கு நேராக அது நிற்க வேண்டுமாம். தள்ளி நின்றது. ஆயில் கசிந்து பெல்ட்டின் பல்லெல்லாம் மழுங்கியிருந்தது.

"அறுந்து போவலம்மா, வழுக்கிக்கீது."

வழுக்கியதைத் திரும்ப நேராக்கினால் போதாதா என்று கேட்டேன். அவர் என்ஜினின் மேல்பாகத்தைக் கழற்றிக் காட்டினார். பிஸ்டன் ஒவ்வொன்றின் தலையிலும் நகம் கிள்ளினாற்போலப் பிறைத் தழும்பு. பெல்ட் வழுக்கியதில் வால்வுகள் நேரம் தப்பி இறங்கி, ஏறிவந்த பிஸ்டனில் இடித்து வளைந்திருந்தன. இதைச் சரிசெய்யும் செலவுக்கு வேனை அப்படியே விற்றுவிடலாம் என்றார்.

பிறகு கேட்டார்: "நின்ன பிறகு யாராவது தள்ளுனீங்களா?"

"நான்தான் தள்ளலாம்னு சொன்னேன்" என்றாள் அமலா.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறப்பதற்குள் நடேசன் அண்ணன் சொன்னார்: "நிக்கறப்பவே வளைஞ்சிருக்கலாம். தள்ளுனப்ப வளைஞ்சிருக்கலாம். வால்வப் பாத்து அத சொல்ல முடியாது."

அமலா அழ ஆரம்பித்தாள். உன்னால் இல்லையடி என்று தேற்றியிருக்கலாம். உன்னால்தான் போச்சு என்று கத்தியிருக்கலாம். எதைச் சொல்வதானாலும் எனக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே. கோபம் நெஞ்சில் நின்றுகொண்டு போக இடம் தெரியாமல் தவித்தது.

கடைசியில் அவளிடம், "உங்க லைன்ல ஆள் எடுக்கறாங்களா?" என்று கேட்டேன்.