கயிறு பிடிக்கிற தூங்குமூஞ்சி

"இனிமே அந்தக் கூடாரத்துப் பக்கம் போனே, காலை ஒடிச்சிடுவேன்" என்றான் ராஜாங்கம். மகள் சாமுண்டி கஞ்சிக் கிண்ணத்தோடு விழித்தாள்.

வல்லம் போகிற வழியில் அரங்கநாதன் நிலத்தில் கிணறு வெட்டுகிறார்கள். உள்ளே பாறை உடைப்பவர்கள், பக்கத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கியிருக்கும் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள். மேலே கப்பிக் கயிறு பிடித்து ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்குவது ராஜாங்கம். அவன் தலையைக் கண்டாலே ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். என்னவென்று புரியாமலே பொறுத்துப் பார்த்தான். இன்றைக்கு முடியவில்லை. நாளையிலிருந்து வரமாட்டேன் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டான். வேர்க்கடலை வேலையும் ஓய்ந்த காலம். வேறு வேலைக்கு எங்கே போவது?

"பள்ளிக்கூடத்துப் பசங்க இந்தி வேணாம்னு ஊர்வலம் போவுதுங்க. இவ இன்னாடான்னா தெலுங்குல தண்ணி கேக்குறா" என்றாள் அவன் மனைவி பவுனம்மாள். "தமிழு மறந்துடப் போவுது."

"என் கூட்டாளி பானு வூட்ல உருது கூடப் பேசறேன். மறந்துச்சா?"

ராஜாங்கம் நிமிர்ந்தான். "ஏய், என்னைப் பாத்து அவங்க இன்னா சொல்றாங்க?"

"சொன்னா அடிப்பே."

"அடிக்கல, சொல்லு."

"நித்ர மொகம் வச்சாடு. தூங்குமூஞ்சி வந்துட்டான்னு."

பவுனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அது ஒண்ணும் பொய்யில்லியே!"

அவன் முகம் கறுத்தது.

"இன்னும் இருக்குது நைனா. உனக்கு ஜுரம் வந்து போவலியே, அன்னிக்கு நாகையா மாமா கிணத்துலயே எறங்கல. தூங்குமூஞ்சி கயிறு புடிச்சாத்தான் எறங்குவேன், அவன் கையில குலுக்கலே இருக்காதுன்னாரு. மேஸ்திரி கத்துனாரு, அப்பவும் எறங்கல."

ராஜாங்கம் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். கயிறு அறுத்த தழும்பு காய்த்துப் போயிருந்தது. இத்தனை நாளும் சிரிப்பு மட்டும்தான் அவன் காதில் விழுந்திருந்தது.

"அதை எப்படிச் சொன்னே? இன்னொரு வாட்டி சொல்லு."

மறுநாள் காலையில் நாகையா கிணற்று மேட்டில் வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருந்தான். இன்னும் யாரும் இறங்கவில்லை. மேஸ்திரி முறைத்தார். ராஜாங்கம் அவரைப் பார்க்காமல் போய்க் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, உரக்கக் கத்தினான்:

"நித்ர மொகம் வச்சாடு!"

நாகையாவுக்குப் புரையேறி, வெற்றிலைச் சாறு வேட்டியெல்லாம் தெறித்தது. சிரித்து முடித்ததும் கயிற்று முனையில் கட்டியிருந்த இறங்குகட்டையில் காலைப் போட்டு உட்கார்ந்தான். மேலே ஒரு தரம்கூடப் பார்க்காமல் உள்ளே போனான்.

சாயங்காலம் சாமுண்டி வாசலில் தயங்கி நின்றாள்.

"போயிட்டு வா" என்றான் ராஜாங்கம். "அப்படியே நாகையாவுக்கு ஒரு பட்டப்பேரு கேட்டுக்கினு வா. தெலுங்குலியே இருக்கணும்."