சுப்பராயன் கையில் எரிந்த சூடம்

அமைச்சர் சுப்பராயனின் வலது உள்ளங்கையில் மூன்று வருஷம் இரண்டு மாசம் ஒரு சூடம் அணையாமல் எரிந்தது. சாதாரணக் கட்டிதான், வண்ணாரப்பேட்டைக் கடையில் எட்டணாவுக்கு வாங்கியது.

2001 தேர்தலில் நெட்டுக்குப்பத்துக்கு ஓட்டுக் கேட்டு வந்தவரின் கையில் அதை வைத்துக் கொளுத்தியவள் மீன்காரி கெங்கம்மா. ஏதோ ஒரு கம்பெனி நிலக்கரிச் சாம்பலைக் கரைத்து அனுப்பும் குழாய் உடைந்து கழிமுகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. நண்டும் இறாலும் ஒழிந்து குப்பமே பட்டினி கிடந்தது. ஜெயித்தால் குழாயை மூடுவேன் என்று சொல்லி, மறு கையால் சூடத்தை அறைந்து அணைக்க வேண்டும். அப்போதுதான் அங்கே சத்தியம் முடியும். சுப்பராயன் சொன்னார், அறையவில்லை. போட்டோகிராபர் இன்னொரு படத்துக்கு அப்படியே பிடிக்கச் சொன்னான், இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார், அதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. எரிகிற சூடத்தோடு ஏறிப் போய்விட்டார். பெரிய மனுஷன் செய்கிற காரியமா இது?

ஜெயித்தார், மந்திரியானார். தண்ணீரில் முக்கினார், ஈரத்துணி சுற்றினார், துணிதான் கருகியது. கோட்டையில் இடது கையால் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டார். கரண்ட் போன நாட்களில் அதிகாரிகள் அவர் கை வெளிச்சத்தில் ஃபைல் படித்தார்கள்.

மூன்றாம் வருஷம் அது சுட ஆரம்பித்தது. வலி மாசத்துக்கு மூன்று விரற்கடை மேலே ஏறியது. குழாயை மூடும் உத்தரவு மேஜையில் காத்திருந்தது. கையெழுத்துப் போட்டால் பதவி போய்விடும் என்று கட்சித் தலைமையிலிருந்து செல்வநாதன் வந்து சொல்லிவிட்டுப் போனார். இருபது வருஷம் சுவரொட்டி ஒட்டிச் சம்பாதித்த பதவி! வலி தோளைத் தொட்ட அன்று நெட்டுக்குப்பம் போய், நீயே அணைத்துவிடு என்று கெங்கம்மாவிடம் கையை நீட்டிக் கெஞ்சினார்.

அவள் மீன் கூடையைக்கூட இறக்கவில்லை. "கொளுத்துனது நான்தான். அறைய வேண்டியது நீ, நைனா. குழா இன்னும் ஊத்திகினு கீது, பாரு" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு உத்தரவை எடுத்தார். பேனாவை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டார். காகிதம் கருகவில்லை. கையெழுத்தின் கடைசிப் புள்ளியில் சூடம் அணைந்தது, வலியும் இறங்கியது. சாயங்காலம் பதவி போனது, காரும் போனது. பஸ்ஸில்தான் வீடு திரும்பினார்.

குழாய் நின்றது. அடுத்த வருஷம் நண்டு வந்தது. 2006 தேர்தலில் அவருக்குச் சீட்டு இல்லை. நெட்டுக்குப்பத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். பக்கத்தில் கெங்கம்மா சூடக் கட்டியும் தீப்பெட்டியுமாக நின்றாள். ஓட்டுக் கேட்டு வந்த ஐந்து வேட்பாளர்களும் கும்பிட்ட கையைக் கடைசி வரை பிரிக்கவே இல்லை.