கடைசிப் பக்கம் தேவையில்லை

படப்புத்தகப் பரிசு அறிவித்த அன்று சாயங்காலம் நடுவர் குழுத் தலைவி ஹேசல் போன் செய்தாள். "உன் மார்க்குதான் முடிவு பண்ணுச்சு லோர்னா. நானும் கிரேயமும் அந்த கம்பூட்ஸ் புத்தகத்துக்குத்தான் கூடப் போட்டிருந்தோம். நீ திமிங்கலத்தைத் தூக்கிவிட்டுட்ட. நீ காரணம் இல்லாம போட மாட்டேன்னு நாங்களும் வாயை மூடிக்கிட்டோம்."

லோர்னா "சரி" என்று சொல்லி போனை வைத்தாள். திமிங்கலப் புத்தகத்தில் என்ன கதை என்று யோசித்தாள். திமிங்கலம் இருந்தது. கம்பூட்ஸ் புத்தகத்தில், அட்டையில் இருந்த ரப்பர் பூட்ஸைத் தவிர எதுவும் ஞாபகம் வரவில்லை.

இதற்கு லோர்னாவைத் திட்டவும் நமக்கு மனசு வரவில்லை, திட்டாமல் விடவும் முடியவில்லை. பர்னி ஊரில் இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளி நூலகம் பார்க்கிறவள். மாநிலத்துப் படப்புத்தகப் பரிசுக்கு நடுவராக வரச்சொல்லி அழைப்பு வந்தபோது புருஷன் டெஸ்தான், "போயேன், சும்மாவே எல்லாத்தையும் குறை சொல்ற, இனி அதுக்கு ஒரு பதவியும் ஆச்சு" என்று கேலி பண்ணி அனுப்பிவைத்தான். பிப்ரவரியில் மூன்று பெட்டி நிறையப் புத்தகம் வந்து இறங்கியது. ஏப்ரலில் ஒருநாள் காலை, குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டு போன டெஸ் அங்கேயே விழுந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அறுபத்தோரு வயசு.

ஊர்க்காரர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. அவள் சமைக்க வேண்டாமென்று ஆளாளுக்குச் செய்து கொண்டுவந்த லசான்யாவில் ஃப்ரீசர் கதவு மூடவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். "முடியலன்னா விட்டுடு, வேற ஆளைப் பார்க்கிறோம்" என்று ஹேசலும் சொன்னாள். "இல்லல்ல, எனக்கும் ஒரு வேலை வேணும்" என்றாள் லோர்னா. அந்த இடத்தில்தான் பிசகியது. அவள் அழவே இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளுக்குள் எல்லாம் மரத்துக் கிடந்தது.

மே மாதம் மார்க் போட உட்கார்ந்தாள். முதல் பெட்டியில் இருந்ததற்கெல்லாம் எட்டு, திமிங்கலத்துக்கும். மூன்றாவது பெட்டிக்கு வரும்போது அலுத்துவிட்டது; எல்லாவற்றுக்கும் ஐந்து, கம்பூட்ஸுக்கும். நடுவர்கள் ஒவ்வொரு புத்தகத்தையும் ஒரு வகுப்புக்கு எடுத்துப்போய் வாசித்துக் காட்ட வேண்டும், பிள்ளைகள் எப்படிக் கேட்டார்கள் என்று குறிக்க வேண்டும். அவள் ஒன்றைக்கூட எடுத்துப்போகவில்லை, குறிப்பு மட்டும் போட்டாள். எழுதியவர்களுக்கு ஆளுக்கு ரெண்டு வரி கருத்து வேறு அனுப்ப வேண்டும். மகராசி அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரே கருத்தை எழுதி, மூன்றாவது பெட்டியின் பத்தொன்பது புத்தகத்துக்கும் ஒட்டிவிட்டாள்: 'கடைசிப் பக்கம் தேவையில்லை. கதை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.'

ஹேசல் போன் செய்த பிறகாவது கம்பூட்ஸ் புத்தகத்தைப் புரட்டியிருக்கலாம். பெட்டி பக்கத்து அறையில்தான் கிடந்தது. இரண்டு தடவை கதவுவரை போய்த் திரும்பிவிட்டாள். புத்தகம் நன்றாக இருந்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது?

விதி பாருங்கள், கம்பூட்ஸ் புத்தகம் எழுதி வரைந்த பெண்ணை ஆகஸ்ட் மாதப் புத்தக வாரத்துக்கு லோர்னாவே எப்போதோ கூப்பிட்டு வைத்திருந்தாள். பெயர் டாம்சின். ஸ்மித்டன் பக்கம் ஒரு பால் பண்ணையில் மாடு கறக்கிறவள், முப்பது வயசு இருக்கும். தலை ஈரம் காயாமல் வந்து இறங்கினாள். பிள்ளைகள் புத்தக வாரத்து வழக்கப்படி டிராகனும் கடற்கொள்ளைக்காரனுமாக வேஷம் கட்டி விரிப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

டாம்சின் படிக்க ஆரம்பித்தாள். லோர்னா பின்னால் நின்று கேட்டாள். ஒரு சின்னப் பெண்ணின் புது கம்பூட்ஸில் ஒன்று சேற்றில் மாட்டிக்கொள்கிறது. இழுக்க இழுக்க உள்ளே போகிறது. அவள் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போகிறாள். வழியில் பசு, நாய், தபால்காரர் எல்லாரும், "அம்மா என்ன சொல்வாங்களோ" என்கிறார்கள். பிள்ளைகளும் கூடச் சேர்ந்து சொன்னார்கள். பெண் வாசலுக்கு வந்து கதவைத் தட்டுகிறாள். டாம்சின் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"அம்மா திட்டினாங்களா?" என்று டிராகன் வேஷத்தில் இருந்த இண்டி கேட்டாள்.

"அது நீங்களே யோசிச்சுக்கணும்."

"எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க."

டாம்சின் சிரித்து மழுப்பினாள். அவள் கட்டைவிரலுக்கு அடியில் இன்னும் ஒரு பக்கம் இருந்ததை லோர்னா பார்த்துவிட்டாள்.

மணி அடித்து வகுப்பு கலைந்தது. "ஒரு பக்கம் மிச்சம் இருந்துச்சே" என்றாள் லோர்னா.

"அது வேண்டாம்னு நடுவர் ஒருத்தர் எழுதியிருந்தார். யாருன்னு தெரியல. முதல்ல கோபம் வந்துச்சு, அப்புறம் யோசிச்சா சரியாத்தான் பட்டுச்சு. பிள்ளைங்களுக்கு நான் ஊட்டி விட்டுட்டேன் போல. அடுத்த புத்தகத்துலயும் கடைசிப் பக்கத்தை வெட்டிட்டேன். போன வாரம் அச்சுக்குப் போயிடுச்சு."

லோர்னா புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். எழுத்தே இல்லை. கதவு திறந்திருக்கிறது. மகள் நொண்டிவருவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாளோ என்னவோ, அம்மாவும் தன் கம்பூட்ஸில் ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஓட்டைச் சாக்ஸோடு ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

லோர்னாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷ அனுபவம் சும்மா போகுமா? இதைக் காட்டியிருந்தால் விரிப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளும் சிரித்து உருண்டிருப்பார்கள் என்று தெரிந்தது. இந்த வாரம் ஐந்து வகுப்புக்குத் திமிங்கலத்தைப் படித்தாயிற்று. சமர்த்தாகக் கேட்டுவிட்டு சமர்த்தாக எழுந்து போனார்கள்.

"எழுதினது நான்தான்" என்றாள். "படிக்காம எழுதினேன். ஏப்ரல்ல என் வீட்டுக்காரர் தவறிட்டார். ஒரே கருத்தைப் பத்தொன்பது பேருக்கு அனுப்பினேன். மார்க்கும் அப்படித்தான் போட்டேன். அந்த மார்க்காலதான் உனக்குப் பரிசு போச்சு."

டாம்சின் திறந்திருந்த கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு, "அப்போ புத்தகம் நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. பரிசு உனக்குத்தான் வந்திருக்கணும்."

"நல்லா இல்லன்னு நினைச்சு மனசைத் தேத்திக்கிட்டேன். மாடு கறந்துட்டு வந்து ரெண்டு வருஷம் உட்கார்ந்து வரைஞ்சது. பிடிக்கலன்னு சொல்லியிருந்தா சரி. படிக்கவே இல்லையா? உங்க வீட்டுக்காரர் போனதுக்கு நான் என்ன பண்ணினேன்?"

இந்த நாலு மாசத்தில் யாரும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. லோர்னாவுக்குச் சுரீரென்றது. "நீ ஒண்ணும் பண்ணல" என்றாள். "ஹேசலுக்கு எல்லாத்தையும் எழுதுறேன்."

"எழுதினா மாத்துவாங்களா?"

"மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன்."

டாம்சின் பையை எடுத்தாள். அதற்குள் அடுத்த வகுப்பு உள்ளே வந்து விரிப்பில் உட்கார்ந்துவிட்டது. அவள் பிள்ளைகளைப் பார்த்தாள், பிறகு லோர்னாவைப் பார்த்தாள். "நீங்களே படிங்க" என்றாள். "என்னால இப்ப முடியாது."

லோர்னா நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பசுவுக்கு ஒரு குரல், நாய்க்கு ஒரு குரல், தபால்காரருக்கு ஒரு குரல். கதவு தட்டும் இடம் வந்தது. பக்கத்தைத் திருப்பி, புத்தகத்தை உயர்த்திப் பிடித்தாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு பேர் ஷூவைக் கழற்றிவிட்டு எழுந்து நொண்டினார்கள். லோர்னா புத்தகத்தை இறக்காமல் அப்படியே பிடித்திருந்தாள்.

"மிஸஸ் பாஸ்கோ ஏன் அழறாங்க?" என்று முன்வரிசையில் ஒரு குழந்தை லோர்னாவைக் காட்டிக் கேட்டது.

"அவங்க இப்பதான் படிக்கிறாங்க" என்றாள் டாம்சின், கதவோரம் நின்றபடி. அவள் கோபம் இன்னும் தணிந்திருக்கவில்லை.